இரண்டு இழுப்பு, ஏழு இழுப்பு

எங்கள் தெருப் பிள்ளைகளே, பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் "டீ ஆறுது, குடிச்சிட்டுப் பேசுங்க" என்று எழுந்து போகிற ஆள் நான். திருவனந்தபுரம் பழவங்காடியில் ஓட்டல் வேலை பார்த்த காலத்தில் மாடியில் ஒரு அறை இருந்தது. அங்கே ராத்திரி யாரோ நடக்கிறார்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் ஒருத்தரும் படுக்க மாட்டார்கள். நான் இரண்டு வருஷம் தனியாகப் படுத்தேன். நடந்ததெல்லாம் பெருச்சாளி. அப்படிப்பட்ட நான் இதை எழுதுகிறேன். என் மகள் அம்மு இப்போதே மேஜைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, இது ராத்திரியில் நடக்கவில்லை. காலை பத்தரை மணி இருக்கும், நல்ல வெயில், கடல் நடுவில் ஒரு படகு, படகில் நாலு பேர். நாலு பேரும் இன்றைக்கும் உயிரோடு, திருவனந்தபுரத்திலேயே இருக்கிறோம்.

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன், அதுவும் தட்டுத்தடுமாறி. ஊர் வள்ளியூர்ப் பக்கம். ஓட்டலை விட்ட பிறகு, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, இங்கே ஒரு கல்லூரியில் தொல்லியல் துறையில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். தொல்லியல் என்றால் மண்ணைத் தோண்டிப் பழைய பானை, செங்கல் எடுப்பது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் துறையில் ஒரு டீச்சர் செய்தது வேறு. கடலுக்கு அடியில் முங்கிப் போய், மூழ்கிக் கிடக்கிற பழைய கப்பல், படகு, நங்கூரம் இதையெல்லாம் தேடி, அளந்து, படம் வரைந்து படிக்கிற படிப்பு. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

அவர் பெயர் ஸ்டெல்லா. எல்லாரும் ஸ்டெல்லா டீச்சர் என்போம். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போனவர். இவர் அதே கடலைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். ஆனால் வேலை நிரந்தரம் இல்லை. வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பத்து வருஷம் ஓட்டியிருந்தார். என்னைப் போல அவரும் ஒரு வகையில் கூலிதான், கொஞ்சம் மரியாதையான கூலி.

அந்த வருஷம் மார்கழிக் கடைசியில், கடல் தெளிந்திருந்த நேரத்தில், விழிஞ்ஞம் துறைமுகத்துக்குத் தெற்கே ஓரிடத்தில் முங்கியபோது டீச்சர் ஒரு படகைக் கண்டுபிடித்தார். ஆணியே இல்லாமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய பெரிய படகு. மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். படகு ஓட்டிய லாரன்ஸ், அவருக்குத் தாய்மாமன், "எந்தா மோளே, சுறாவைக் கண்டியோ?" என்று கேட்டார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். அடையாளத்துக்கு ஒரு பலகைத் துண்டு மட்டும் கொண்டுவந்தோம். அதை நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டு, தினம் தண்ணீர் மாற்றி உப்பை இறக்குவது என் வேலை. அந்தத் தொட்டியை அம்மு பிறந்தபோது தொட்டிலைப் பார்த்துக்கொண்ட மாதிரி பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாலு மாதம் அனுமதி, காகிதம், படகு வாடகை என்று போயிற்று. அதற்குள் துறையில் நிரந்தர வேலை ஒன்று வந்தது. நேர்காணல், வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழைச் சமயத்தில். அங்கேதான் பேச்சு கிளம்பியது. ஒரு பலகையை வைத்துக்கொண்டு கப்பல் என்று சொன்னால் ஆச்சா, இடம் எங்கே, வீடியோ எங்கே, வரைபடம் எங்கே என்றார்கள். அது நியாயமான கேள்விதான். நியாயம் இல்லாத பேச்சும் ஒன்று உண்டு. "அது அவங்கப்பன் கட்டுமரத்துப் பலகையா இருக்கும்" என்று யாரோ காப்பிக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். அது டீச்சர் காதுக்கும் போயிற்று. அன்றைக்கு டீச்சர் தொட்டிப் பக்கம் வந்து, அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "தண்ணி மாத்தியாச்சா அண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை, ஆனால் கறார். "மழைக்கு முன்னாடி படகைப் படம் எடுத்துக் காட்டுங்க, நான் முழு மனசா எழுதிக் கொடுக்கறேன். இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். ஆக டீச்சருக்கு நாலு நாள் அனுமதி. அந்த நாலு நாளுக்குள் அந்தப் படகு மறுபடி கண்ணில் பட வேண்டும். பத்து வருஷ உழைப்பு அதில் தொங்கியது.

இப்போது கயிறு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மீதி விளங்காது.

சித்திரை, வைகாசியில் இங்கே கடலுக்கடியில் கலங்கல். கையை நீட்டினால் விரல் தெரியாது. அதனால் முங்குகிறவர் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார், மறுமுனை படகில் ஒருத்தர் கையில் இருக்கும். அந்த ஒருத்தர் நான். கீழே இருக்கிறவரோடு பேச முடியாது, கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் சுகமா. இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் கிடைத்துவிட்டது. நாலு என்றால் என்ன ஏது என்று கேட்காமல் தூக்கு. எது வந்தாலும் அதையே திருப்பி இழுக்க வேண்டும், கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். நாலுக்கு மேலே எங்களிடம் கணக்கே கிடையாது. ஆறு வருஷம் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். டீச்சர் கோபமாக இருந்தால் கூட இழுப்பில் தெரிந்துவிடும் எனக்கு.

கயிறு பிடிக்கிறவன்தான் இடத்தின் எண்ணையும் எழுத வேண்டும். ஜி.பி.எஸ். என்று ஒரு கையடக்கக் கருவி, அது நாம் நிற்கிற இடத்தை எண்ணில் காட்டும். அதைப் பார்த்துத் துறையின் படிவத்தில் எழுதுவேன். வடக்கு-தெற்குக்கு ஒரு எண், கிழக்கு-மேற்குக்கு ஒரு எண், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு பாகை, இவ்வளவு நிமிஷம், இவ்வளவு விநாடி என்று மூன்று கட்டம். ஒருமுறை துறைத் தலைவர், "பத்தாம் கிளாஸ் படிச்ச ஆளை வெச்சா டேட்டா எழுதறது, ஸ்டெல்லா?" என்று என் எதிரிலேயே கேட்டார். டீச்சர், "முருகண்ணன் எழுதினா ஒரு எழுத்து தெத்தாது சார். எனக்கு அது மதி" என்றார். என்னை அங்கே முருகண்ணன் என்பார்கள். தெத்தாது என்றால் தப்பாது, மதி என்றால் போதும். தெத்தாது என்ற அந்த வார்த்தையை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி என் மனைவியை, அதான் உங்கள் அத்தையை, ஒரு வாரம் அலுக்க வைத்தேன்.

படகைக் கண்டுபிடித்த அன்றைக்கும் நான்தான் எழுதினேன். கரைக்கு வந்து சாமான் இறக்கும்போது அந்தப் பழைய கருவி கை தவறித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. பரவாயில்லை, முருகண்ணன் எழுதிய தாள் இருக்கிறதே என்றார் டீச்சர்.

இப்போது அந்தத் தாளை வைத்துப் புதுக் கருவியோடு போனோம். முதல் நாள் ஒன்றுமில்லை. வெறும் மணல். இரண்டாம் நாளும் வெறும் மணல். டீச்சரும் அனூப்பும் மாறி மாறி முங்கினார்கள். அனூப் என்பவர் துறையில் ஆராய்ச்சி செய்கிற இன்னொரு முங்குகிறவர், வாயாடி, எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். "டீச்சரே, படகு லீவு போட்டுப் போயிருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையிலும் மணல். டீச்சர் கண் உப்பில் சிவந்து, உதடு வெடித்து, "மணல் மூடியிருக்கும் அண்ணா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்" என்று அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தாளை நம்பினார், பாருங்கள். தாள் தப்பாக இருக்கும் என்று ஒரு நொடி கூட நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அம்மு கணக்கு நோட்டோடு வந்தாள். ஒன்று புள்ளி ஐந்து மணி நேரம் என்றால் எத்தனை நிமிஷம் என்று கேள்வி. இவள் ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று எழுதியிருந்தாள்.

"புள்ளி அஞ்சுன்னா அரைடீ. அரை மணின்னா முப்பது நிமிஷம், அம்பதா?" என்று தலையில் லேசாகத் தட்டினேன்.

"புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கோ அதை அப்படியே எழுதினேன்பா."

அப்படியே எழுதினேன். பிள்ளைகளே, அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் பழைய கருவியும் விநாடி காட்டாது, நிமிஷத்துக்குப் புள்ளி வைத்துத்தான் காட்டும். அன்றைக்குப் புள்ளி நாற்பத்தைந்து என்று காட்டியது. நான் விநாடிக் கட்டத்தில் நாற்பத்தைந்து என்று எழுதினேன். அப்படியே எழுதினேன். கிழக்கு-மேற்கு எண்ணில் புள்ளிக்குப் பிறகு சுழியம்தான், அதனால் அதில் தப்பு இல்லை. வடக்கு-தெற்கு எண்ணில்தான். அம்முவின் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். அறுபது விநாடியில் புள்ளி நாற்பத்தைந்து பங்கு என்றால் இருபத்தேழு. இருபத்தேழு விநாடி. பதினெட்டு விநாடி தப்பு. கடலில் அது அரை கிலோமீட்டர். டீச்சர் மூன்று நாளாக அரை கிலோமீட்டர் வடக்கே மணலைத் தடவிக்கொண்டிருக்கிறார், என்னால்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து, மடித்து, அடுப்பில் போட்டேன். போன் எடுத்து டீச்சரைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. எடுத்தேன், வைத்தேன். தெத்தாது என்று சொன்ன வாயிடம் எப்படிச் சொல்வது? வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம், அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. நாளைக்குப் படகில் போய், எதையாவது சாக்குச் சொல்லித் தெற்கே தள்ளிப் போகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் அத்தை "என்ன, முகம் இப்படி இருக்கு?" என்றாள். வெயில் என்றேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அந்த எண்ணை வாய்விட்டு ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள், கடைசி நாள். தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது, மழை இன்றோ நாளையோ என்றார் லாரன்ஸ். போகிற வழியெல்லாம் சாக்கு யோசித்தேன். "டீச்சர், கொஞ்சம் தெற்கே பாத்தா என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எதுக்கு அண்ணா?"

"சும்மா, ஒரு தோணல்."

"தோணலை வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாது அண்ணா. தாள்ல உள்ள இடத்துல முடிச்சிடுவோம்" என்று சொல்லி, கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

பத்து நிமிஷம் இருக்கும். நான் படகின் ஓரத்தில், அனூப் எனக்குப் பக்கத்தில் உடுப்புப் போட்டுத் தயாராக, லாரன்ஸ் பின்னால் எஞ்சின் பக்கம். அலை அதிகமில்லை. கயிறு தண்ணீருக்குள் சாய்வாக இறங்கியிருந்தது. ஒரு இழுப்பு வந்தது, சுகம், திருப்பி இழுத்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா.

பிறகு இரண்டு வந்தது. கயிறு விடு. சரி என்று, பதில் இழுக்கும் முன்பே, கயிற்றை விட்டேன். கயிறு போகவில்லை. விட்ட கயிறு அப்படியே தொய்ந்து நின்றது. என்னடா என்று பார்க்கும்போதே மறுபடி இழுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தூக்கச் சொல்கிறாரே என்று நான் எழுந்துவிட்டேன். ஐந்து. ஆறு. ஏழு. நின்றுவிட்டது.

"டீச்சர் அடியில டான்ஸ் களிக்குதோ?" என்றார் அனூப். அவரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஏழு என்று ஒன்று கிடையாது. குழப்பமாக வந்தால் சுகமா என்று கேட்க வேண்டும். ஒரு இழுப்பு கொடுத்தேன். கீழிருந்து ஒரு இழுப்பு, சுகம். அது டீச்சர் கை, எனக்குத் தெரியும். ஆழத்திலிருந்து வருகிற இழுப்பு, கயிறு முழுக்க நிமிர்ந்து, கொஞ்சம் தாமதித்துக் கைக்கு வரும். இந்த இரண்டும் ஏழும் அப்படி வரவில்லை. அது பக்கத்திலிருந்து வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரோ இழுக்கிற மாதிரி, சுருக் சுருக்கென்று. அதை நினைத்து முடிக்கவில்லை, மறுபடியும் வந்தது. இரண்டு. ஒரு மூச்சு விடுகிற நேரம். ஏழு.

நான் யோசிக்கவில்லை, நாலு இழுத்து டீச்சரை மேலே வரச் சொல்லிவிட்டேன்.

தலை வெளியே வந்ததும் முகமூடியைக் கூடக் கழற்றாமல் கோபம். "எந்தா அண்ணா இது? சும்மா சும்மா இழுத்துட்டே இருக்கீங்க? ரெண்டு, ஏழு, ரெண்டு, ஏழு! ஏழுன்னு ஒண்ணு நம்ம கணக்குல உண்டா?"

"நான் இழுக்கல டீச்சர். நீங்கதானே இழுத்தீங்க."

"நானா?"

"ரெண்டு தடவை. ரெண்டும் ஏழும்."

டீச்சர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். தண்ணீர் அவர் முகத்தில் வடிந்துகொண்டிருந்தது. "அண்ணா, நான் ஒரு தடவைதான் இழுத்தேன், சுகம்னு. அப்புறம் நீங்க கேட்டதுக்கு ஒண்ணு. அவ்வளவுதான்" என்றார் மெதுவாக. "மத்ததெல்லாம் எனக்கு வந்தது. மேல இருந்து. இல்ல… மேல இருந்துன்னு சொல்ல முடியாது. கிட்ட இருந்து."

அனூப் கை தூக்கினார். "முருகண்ணன் இழுக்கல டீச்சரே. ஞான் பார்த்துட்டுத்தான இருந்தேன். கை சும்மா இருந்துச்சு, கயிறுதான் குதிச்சுது." சொல்லி முடித்ததும் அவருக்கே சொன்னது விளங்கி, கையைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் நக்கல் அடிக்கவே இல்லை.

விளங்குகிறதா பிள்ளைகளே? கயிற்றுக்கு இரண்டு முனை. ஒரு முனையில் நான், மறுமுனையில் டீச்சர். இரண்டு பேரும் இழுக்கவில்லை, இரண்டு பேருக்கும் இழுப்பு வந்திருக்கிறது. அப்படியானால் நடுவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கிழிந்த வலை ஏதாவது கயிற்றில் மாட்டி அலைக்கு ஆடியிருக்கும் என்றார் லாரன்ஸ். அப்படி நடப்பது உண்டுதான். டீச்சரைப் படகில் ஏற்றி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, கயிறு முழுவதையும் உள்ளே இழுத்து ஒரு முழம் விடாமல் தடவிப் பார்த்தோம். வலை இல்லை, பாசி இல்லை, ஒரு நார் கூட ஒட்டவில்லை. சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

டீச்சர் கையில் வெள்ளை ஸ்லேட் இருந்தது. தண்ணீருக்குள் பென்சிலால் எழுதுகிற ஸ்லேட். கீழே எது நடந்தாலும் குறித்துவைப்பது அவர் பழக்கம். அதை என் பக்கம் திருப்பினார். கலங்கலுக்குள் தடவித் தடவி எழுதிய கோணல் எழுத்து. 2 7. அதற்குக் கீழே மறுபடியும், 2 7.

"இதுக்கு எந்தாவது அர்த்தம் உண்டா அண்ணா?"

நான் அடுப்பில் எரித்த எண் அது. டீச்சர் கையெழுத்தில் என் முகத்துக்கு நேரே இருந்தது. லாரன்ஸ் எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார், படகில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். பிறகு நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளியைச் சொன்னேன், விநாடிக் கட்டத்தைச் சொன்னேன், அம்முவின் கணக்கைச் சொன்னேன், இருபத்தேழு என்று சொன்னேன். நான் பேசுவது எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்லேட்டின் பின்பக்கம் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"எப்ப தெரியும் அண்ணா?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து." தலையை ஆட்டினார். "இன்னிக்குக் காலையில நான் தண்ணியில இறங்கறப்ப தெரிஞ்சேதான் கயிறு பிடிச்சீங்க, அல்லே?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் லாரன்ஸ் பக்கம் திரும்பினார். "மாமா, தெக்கே விடுங்க" என்றார். லாரன்ஸ் எஞ்சினைப் போட்டார். அரை கிலோமீட்டர், ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. மூன்று நாள் தேடியது ஐந்து நிமிஷத்தில் இருந்தது. டீச்சர் மறுபடி கயிற்றைக் கட்டிக்கொண்டார். நான் வேண்டாம், அனூப் பிடிக்கட்டும் என்றேன். "நீங்களே பிடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு வந்தது, ஆழத்திலிருந்து, தாமதித்து, டீச்சர் கைதான். ஒன்று. இரண்டு. மூன்று.

கிடைத்துவிட்டது.

அன்றைக்கு மூன்று மணி வரைக்கும் டீச்சரும் அனூப்பும் மாறி மாறி முங்கி, விளக்கைக் கிட்டப் பிடித்துத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார்கள், அளந்தார்கள். திரும்பி வரும்போது விழிஞ்ஞம் துறைமுக வாசலில் மழை பிடித்துக்கொண்டது.

டீச்சருக்கு வேலை கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டு படித்திருப்பீர்கள். நேர்காணலில், "மூன்று நாள் கிடைக்காதது நாலாம் நாள் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டார்களாம். டீச்சர், "எண் எழுதியதில் ஒரு பிழை இருந்தது. அதை என் உதவியாளரே கண்டுபிடித்து, தானாக முன்வந்து என்னிடம் சொன்னார்" என்று பதில் சொன்னாராம். அங்கே இருந்த ஒரு பெரியவர், அப்படிப்பட்ட ஆளை விட்டுவிடாதீர்கள் என்றாராம். துறைத் தலைவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வேலை போகவில்லை. இப்போதும் அதே கயிற்றைத்தான் பிடிக்கிறேன், ஆனால் எண்ணை எழுதிவிட்டு டீச்சரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன்.

தொட்டிப் பக்கம் வந்து டீச்சர் இதைச் சொன்னபோது, "கயிறு விஷயத்தைச் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"கயிறு இழுத்துதுன்னு அங்க சொல்ல முடியுமா அண்ணா? என்னைப் பிடிச்சு ஊளம்பாறைக்கு அனுப்பிடுவாங்க." ஊளம்பாறை என்றால் இங்கே மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம். சிரித்துவிட்டுச் சொன்னார், "நான் பொய் சொல்லல. வாயைத் திறந்து சொன்னது நீங்கதானே. கயிறா சொன்னது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கதை எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டது. தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்ட முருகேசன் மாமாவைப் பாருங்கள் என்று உங்கள் வீட்டில் உங்களுக்குச் சொல்கிறார்கள். அம்முவும் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றைக்குப் படகில், ஸ்லேட்டை என் பக்கம் திருப்பி டீச்சர் அர்த்தம் கேட்டாரே, அப்போது நான் உண்மையைச் சொல்வதாக இல்லை. சத்தியமாக இல்லை. "தெரியலியே டீச்சர்" என்று சொல்ல நாக்கைத் திருப்பிவிட்டேன். தெரியலியே என்று சொல்லிவிட்டு, அப்புறம் மெதுவாக அதே எண்ணை ஒரு யோசனை மாதிரி எடுத்துக் கொடுத்து, நான் கண்டுபிடித்த மாதிரியே காட்டிக்கொள்ளலாம் என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது.

அப்போது கயிறு முழுவதும் சுற்றி என் மடியில் இருந்தது. ஒரு முனை என் முட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது, மறுமுனை படகுத் தரையில் என் காலடியில். இரண்டு முனையும் என் கண்ணுக்கு எதிரே. அனூப் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார், டீச்சர் ஸ்லேட்டைப் பிடித்திருக்கிறார், ஒருத்தரும் கயிற்றைத் தொடவில்லை.

என் மடியில் அது இழுபட்டது. சுருக். சுருக்.

இரண்டு.

ஏழு வரும் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. வாயைத் திறந்துவிட்டேன். தானாக முன்வந்து சொன்னவன் என்று அவர்கள் சொல்வது அந்த ஆளைத்தான். டீச்சரிடம் இந்த ஒன்றை நான் சொன்னதில்லை, இதைப் படித்தால்தான் அவருக்கும் தெரியும்.

நான் பேச ஆரம்பித்ததும் கயிறு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கடலுக்குப் போய்விட்டோம், எத்தனையோ தடவை அந்தக் கயிற்றைக் கழுவிக் காயப்போட்டுச் சுற்றி வைத்திருக்கிறேன், ஒன்றும் நடந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மடியில் வைத்துச் சுற்றும்போது என் கை கொஞ்சம் நின்றுவிடுகிறது. அன்றைக்கு இரண்டுதான் வந்தது. ஏழு இன்னும் வரவில்லை.